பழைய கலர் மேப் கைக்கு வந்தால்

உடனே விரிக்காதீர்கள். பழைய மேப் கிடைத்ததும் எல்லோரும் முதலில் செய்வது, மடிப்பைப் பிரித்து இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுதான். மேப் கிழிவதும் பெரும்பாலும் அப்போதுதான், அதுவும் நான்கு மடிப்பு சேரும் இடத்தில். மேஜையைத் துடைத்துக் காயவிட்டு, துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றை விரியுங்கள். மேப்பை அதன்மேல் வைத்து, மேஜையை விட்டுத் தூக்காமல் ஒவ்வொரு மடிப்பாகத் திறங்கள். ஒரு மடிப்பு வர மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். காபி டம்ளர் அடுத்த அறையில் இருக்கட்டும்.

சேலத்தில் எங்களுடையது பைண்டிங், பிரேம் கடை. அப்பா காலத்தில் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளுக்குப் பேரேடு தைப்பதுதான் பிரதான வேலை. கம்ப்யூட்டர் வந்ததும் பேரேடு போய்விட்டது. சாமி படமும் கல்யாண போட்டோவும்தான் கடையை ஓட்டின. ஏற்காட்டுப் பழைய காகிதங்கள் அதற்கப்புறம் வரத் தொடங்கின. மேலே ஒரு தோட்டம் கைமாறினால் பங்களாவோடு அலமாரியும், அலமாரியோடு அதற்குள் இருப்பதும் சேர்ந்தே கைமாறும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபி போட்டதிலிருந்து வெள்ளைக்காரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்திருக்கின்றன. போகும்போது அவர்கள் விட்டுப்போனதில் சொந்த ஊர் மேப்பும் உண்டு.

இந்தக் கட்டுரைக்கு அப்படி வந்த ஒரே ஒரு மேப்பை வைத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலின் மேப். எடின்பரோவின் பார்த்தலோமியு கம்பெனி அச்சிட்டது. அரை அங்குலத்துக்கு ஒரு மைல், அதாவது 1:1,26,720. பின்பக்கம் துணி ஒட்டி, சட்டைப்பையில் போகிற அளவுக்கு மடித்தது. கிராமங்களும், குன்றும், கடலோரமும், நடுவே சின்னச் சின்ன ஊர்களும். மேலிருந்து கீழ்வரை கலர்: தாழ்ந்த நிலம் பச்சை, மேடு ஏற ஏற பழுப்பு, கடல் ஆழத்துக்கு ஏற்ப நீலம்.

எதையும் தொடுமுன் போட்டோ எடுத்துவிடுங்கள். நேர் வெயில் படாத திண்ணை வெளிச்சம் போதும், ஃப்ளாஷ் வேண்டாம். முழு மேப் ஒன்று, ஒவ்வொரு மடிப்புக் கட்டமும் தனித்தனியாக, பின்பக்கமும் அட்டையும் ஒவ்வொன்று. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு அசல் அளவில் நகல் எடுக்க உதவும். பிளான் ஸ்கேன் எடுக்கும் ஜெராக்ஸ் கடைகளில் பெரிய மிஷின் இருக்கிறதே என்று அதில் கொடுத்துவிடாதீர்கள். அது காகிதத்தை உருளைக்குள் இழுத்து வெளியே தள்ளும் மிஷின். மடிப்பு நைந்த மேப் அதற்குள் முழுதாகப் போகும், முழுதாக வராது.

அடுத்து, படியுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. நேராகப் பிரேமுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் மேப்பைப் படித்துத் தெரிந்துகொண்டவர் அதைக் கவனிக்கும் விதமே வேறாக இருக்கும் என்பது என் அனுபவம்.

கீழ் ஓரத்தில் படிப்படியாகக் கலர் கட்டம் இருக்கும், அடியில் உயரம் அடிக் கணக்கில் அச்சாகியிருக்கும். அதை முதலில் பாருங்கள். ஒரு கலர் முடிந்து அடுத்தது தொடங்கும் கோடு, ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் இணைக்கும் கோடு. உயரத்தை இப்படிக் கலர் அடுக்காகக் காட்டும் முறையைப் பரவலாக்கியது இதே குடும்பம்தான். ஜான் பார்த்தலோமியு (1831–1893) இதை 1878 பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். அவர் மகன் ஜான் ஜார்ஜ் (1860–1920) காலத்தில் பிரிட்டன் முழுக்க அரை அங்குல மேப்பாக இந்தக் கலரில் வந்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் மலை என்றால் கறுப்புக் கீற்றுகள்தான், சரிவு எங்கே என்று தெரியும், எவ்வளவு உயரம் என்று தெரியாது.

இந்த முறை பிடிபட வேண்டுமானால் நம் மலைப் பாதையை நினைத்துப் பாருங்கள். சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து 900 அடிச் சொச்சம். ஏற்காடு 5,000 அடிக்குப் பக்கம். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. ஆயிரம் அடிக்கு ஒரு கலர் என்று வைத்தால், அடிவாரத்திலிருந்து ஏரிக்குப் போவதற்குள் பஸ் நான்கு கலர்க் கோட்டைத் தாண்டிவிடும். மேப்பில் அந்தக் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. இது தெரிந்தால் கார்ன்வாலையும் படிக்கலாம்.

அங்கே உயரம் குறைவு. மிக உயர்ந்த இடமான பிரவுன் வில்லி 420 மீட்டர்தான். பாட்மின் மூர் என்ற மேட்டுநிலத்தில் இருக்கிறது, பழுப்பு அங்கேதான் அடர்த்தி. ஆனால் கடலோரத்தைப் பாருங்கள். வடக்குக் கரையில் பல இடங்களில் நீலத்தை ஒட்டியே அடுத்தடுத்த கலர்கள் வந்துவிடுகின்றன. கடலை விட்டு நேராக எழும் பாறை. தெற்குக் கரையில் ஃபால், ஹெல்ஃபோர்ட், ஃபோவி ஆறுகளின் முகத்தில் நீலம் நிலத்துக்குள் விரல் நீட்டிக்கொண்டு போகிறது, இரு பக்கமும் பச்சை. பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது முழுகிப்போன ஆற்றுப் பள்ளத்தாக்குகள் அவை. கறுப்புக் கீற்று மேப்பில் இதைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். கலரில் ஒரே பார்வை.

சாலைகளையும் பாருங்கள். இந்த வரிசை மேப்புகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காகவே சாலையைத் தரம் பிரித்துக் கலர் கொடுத்திருக்கிறார்கள். கலர் இல்லாத சாலை மட்டமானது, சைக்கிளுக்கு ஆகாது என்று ஓரத்தில் எச்சரிக்கையே உண்டு. சைக்கிள் சங்கத்தார் ஊர் ஊராகப் போய்த் திருத்தம் எழுதி அனுப்புவார்கள், கம்பெனி அடுத்த பதிப்பில் சேர்க்கும். சங்கத்தின் அடையாளமான சிறகு வைத்த சக்கரம் சில பதிப்புகளில் அச்சாகியிருக்கும். ஒற்றையடிப் பாதை மேப்பில் இருப்பதால் மட்டும் அங்கே நடக்க உரிமை இருப்பதாகாது என்றும் ஒரு வரி இருக்கும். நிலத் தகராறு எங்கும் ஒன்றுதான்.

மேற்கு முனையில் போர்த்கர்னோ என்று ஒரு சின்னக் கடற்கரை. அதை லென்ஸ் வைத்துத் தேடுங்கள். 1870இல் பம்பாயிலிருந்து ஏடன், சூயஸ், மால்டா, ஜிப்ரால்டர் வழியாக வந்த தந்திக் கம்பி கரையேறிய இடம் அது. அதே கரையில் கொஞ்சம் கிழக்கே போல்டு. மார்கோனி 1901 டிசம்பரில் அட்லான்டிக்கைத் தாண்டிக் கம்பியில்லாத் தந்தி அனுப்பியது அங்கிருந்து.

இந்த மேப்பில் கேம்போர்ன் ஊரைச் சுற்றி நீலக்கறுப்பு மசியில் ஒரு வட்டம், அங்கிருந்து ஃபால்மவுத் துறைமுகம் வரை பேனாக் கோடு. கேம்போர்ன் தகரம், செம்புச் சுரங்கத்துக்குப் பேர்போன ஊர். 1880களிலிருந்து கோலார் தங்கவயலை நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கார்ன்வால் சுரங்கக்காரர்களை நிறைய அழைத்து வந்தது. கோலார் நமக்குப் பக்கம், ஏற்காடு அவர்களுக்குக் குளிர்ச்சி. மேப் மலையேறிய வழி அதுவாக இருக்கலாம். எதுவானாலும் அந்தப் பேனாக் கோட்டை அழுக்கு என்று நினைத்து அழிக்க வேண்டாம். அச்சடித்த மேப் ஆயிரக்கணக்கில் இருக்கும், அந்தக் கோடு உள்ளது ஒன்றுதான்.

வருடத்தைக் கண்டுபிடிப்பது அடுத்த வேலை. இந்த வகை மேப்பில் பெரும்பாலும் தேதி அச்சாகியிருக்காது, பழசாகிவிட்டது என்று கடையில் யாரும் ஒதுக்கிவிடக் கூடாதே. ஆனால் துப்பு இருக்கும். கம்பெனி பெயரைப் பாருங்கள்: 'அண்ட் கோ' என்றிருந்தால் 1919க்கு முன், 'அண்ட் சன் லிமிடெட்' என்றிருந்தால் அதற்குப் பின். ரயில் பாதை இன்னும் நல்ல சாட்சி. பாட்ஸ்டோவுக்கு ரயில் வந்தது 1899. பெரன்போர்த்திலிருந்து நியூகீக்குப் பாதை திறந்தது 1905. 1923இல் பிரிட்டனின் ரயில் கம்பெனிகளை நான்கு பெரிய கம்பெனிகளாகச் சேர்த்துவிட்டார்கள், அதனால் பாதை ஓரத்தில் பழைய லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் கம்பெனியின் சுருக்கெழுத்து இருந்தால் தகவல் அதற்கு முந்தையது. நம் மேப்பில் பெரன்போர்த் – நியூகீ பாதை இருக்கிறது, 'அண்ட் கோ'வும் இருக்கிறது. ஆக 1905க்கும் 1919க்கும் இடையே. பிற்காலத் தாள்களில் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு வரும்: பி24 என்றால் 1924இன் பிற்பாதி, ஏ24 என்றால் முற்பாதி. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இந்த வரிசையின் பல பதிப்புகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உங்களுடையதைப் பக்கத்தில் வைத்து ஊர் ஊராக ஒப்பிடுங்கள், ஒரு மழைநாள் போவதே தெரியாது.

உங்கள் கையில் இருப்பது நம்மூர் சர்வே ஆஃப் இந்தியா தாளாக இருந்தாலும் வழி இதுவே. மூலையில் எண் இருக்கும். 58 என்பது வடக்கு அட்சம் 8 முதல் 12 வரை, கிழக்குத் தீர்க்கம் 76 முதல் 80 வரை. அதைப் பதினாறாகப் பிரித்து ஏ (A) முதல் பி (P) வரை எழுத்து. சேலமும் ஏற்காடும் 58 ஐ (I). வேதாரண்யம், கோடியக்கரைக் கடலோரம் 58 என். இவற்றில் சர்வே செய்த ஆண்டும் சர்வேயர் ஜெனரல் பெயரும் அச்சாகியிருப்பதால் சிரமம் குறைவு. உயரம் அடியில் இருந்தால் மெட்ரிக் வருவதற்கு முந்தைய தாள். ஓரம் கிழிந்து எழுத்தே போனது மேற்கே அடுத்த தாளான 58 இ (E) என்றால், அதில் மேட்டூரைப் பாருங்கள். அணை முடிந்தது 1934. ஏரி இல்லாமல் காவிரி மட்டும் ஓடினால் சர்வே அதற்கு முந்தையது.

அசலா, பிற்கால மறு அச்சா என்று சந்தேகம் வந்தால் நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். பச்சை நிலத்தில் வையுங்கள். இன்றைய அச்சு என்றால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வட்டம் வட்டமாகப் பூக்கோலம் போட்டிருக்கும், ஊர்ப் பெயரின் எழுத்து ஓரத்தில்கூடப் புள்ளி தெரியும். பழைய லித்தோ அச்சில் ஒவ்வொரு கலரும் தனித்தனியாக அச்சேறியது. பச்சை பச்சையாகவே இருக்கும், எழுத்து அறுத்து வைத்த கறுப்பாக இருக்கும். சில இடங்களில் ஒரு கலர் மயிரிழை விலகி, கடலோரத்தில் வெள்ளைக் கீற்று விட்டிருக்கும். தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழுப்பாக்கிய காகிதத்தை நம்பி ஏமாறாதீர்கள். வயதான காகிதம் ஓரத்திலும் மடிப்பிலும்தான் அதிகம் பழுக்கும், ஒரே சீராகப் பழுக்காது.

இனி லேமினேஷன். இந்த மேப்பைக் கொண்டுவந்த அம்மா ஏற்காட்டில் தோட்டம் வைத்திருப்பவர். "தம்பி, இத லேமினேசன் பண்ணிக் குடுத்துருங்க. பேரன் ரூமுல மாட்டோணும்" என்றார்.

"அம்மா, லேமினேசன் போட்டா போட்டதுதானுங்க. நாளைக்கு உங்க பேரனே வந்து பிரிச்சுக் குடுங்கன்னு கேட்டாலும் என்னால முடியாதுங்க."

"அப்பறம் பூச்சி அரிக்குமேங்க?"

கேள்வி நியாயமானது. எனக்கு அப்பா சொல்லிக்கொடுத்த சட்டம் ஒன்றுதான்: காகிதத்துக்கு எதைச் செய்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும். லேமினேஷனில் சூட்டில் உருகிய பிசின் காகித நாருக்குள் இறங்கிவிடும். துணி ஒட்டிய மேப்பை அந்தச் சூட்டு உருளையில் விட்டால் மடிப்புக்கு மடிப்பு காற்றுக் குமிழ் நிற்கும். ஃபெவிகாலும் அப்படியே, காய்ந்தால் தண்ணீரில் கரையாது. செல்லோ டேப்பின் பசை சில வருடத்தில் பழுப்பாகிக் காகிதத்தின் மறுபக்கம் வரை ஊறும். இந்த மூன்றும் வேண்டாம். கையில் எடுத்துப் பார்க்கும்படி பாதுகாப்பு வேண்டும் என்றால், தெளிவான பாலியெஸ்டர் ஷீட் இரண்டுக்கு நடுவே மேப்பை வைத்து, மேப்பைத் தொடாமல் ஷீட்டின் ஓரங்களை மட்டும் இரட்டைப் பக்க டேப்பால் மூடுங்கள், மூலையில் சின்ன இடைவெளி விட்டு. பிளேடால் ஓரத்தை வெட்டினால் மேப் அப்படியே வெளியே வரும். பிவிசி கவர் வேண்டாம், அது நாளாக நாளாக ஒட்டிக்கொள்ளும்.

பூச்சிக்கு வருவோம். வெள்ளியாக மின்னி ஓடும் ராமபாணம் பசை இருக்கும் மேற்பரப்பைச் சுரண்டும், கலர் அங்கங்கே தோலுரிந்து தெரியும். வண்டுப் புழு நேர்த் துளை போடும், கீழே மாவு உதிரும். உதிரல் புதிதாக இருந்தால் உயிரோடு இருக்கிறது என்று பொருள். மேப்பை இரண்டு பாலித்தீன் பைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, ஓரத்தை நன்றாக மூடி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒரு முழு நாள் பைக்குள்ளேயே இருந்து அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் பனி வேர்த்து மேப் நனையும். அந்துருண்டையைக் காகிதத்தின் மேல் போட வேண்டாம். வேப்பிலை போடுகிறவர்கள் நன்றாகக் காயவைத்துத் துணியில் முடிந்து போடுங்கள், பச்சை இலையின் சாறு கறையாகும்.

பூஞ்சணம் ஏற்காட்டு வீடுகளின் தீராத தொல்லை. ஆடியிலிருந்து கார்த்திகை வரை மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் வளரும். பஞ்சாக ஈரத்தோடு இருந்தால் துடைக்கவே கூடாது, தேய்த்தால் உள்ளே இறங்கிக் கறையாகும். காற்றோட்டமான நிழலில் காயவிட்டு, பொடியானதும் முகக்கவசம் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய ஆட்டுமயிர்ப் பிரஷால் தட்டுங்கள். வெயிலில் போடும் ஆசையை அடக்குங்கள்.

தூசு எடுக்கவும் அதே பிரஷ்தான், நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஓர வெள்ளையில் அழுக்கு இருந்தால் வெள்ளை வினைல் ரப்பரைத் துருவி, அந்தத் துருவலை விரல் நுனியால் வட்டமாக உருட்டி எடுக்கலாம். கலர் உள்ள இடத்தில் ரப்பர் வேண்டாம். ரொட்டித் துண்டால் துடைப்பது பழைய வழக்கம், மிச்சத் துகள் பூச்சிக்குச் சாப்பாடு.

ஈரம் படும் எந்த வேலைக்கும் முன் சோதனை செய்யுங்கள். அச்சு மசி எண்ணெயில் ஆனது, சாதாரணமாகக் கரையாது. பேனா மசி கரையும். பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, கோட்டின் முனையில் ஒரு புள்ளியில் வைத்து, மேலே மசி உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பரை அமுக்குங்கள். நீலம் ஏறினால் அந்தப் பக்கம் தண்ணீரே போகக்கூடாது. கேம்போர்ன் வட்டம் இந்தச் சோதனையில் நீலம் விட்டது. அதனால் அந்தக் கட்டத்தை முழுக்க உலர்ந்த முறையிலேயே கையாண்டேன்.

துணி மேப்பின் மடிப்பை நேராக்க இஸ்திரிப் பெட்டி எடுக்காதீர்கள். இரண்டு பிளாட்டிங் பேப்பருக்கு நடுவே வைத்து, மேலே பிளைவுட்டும் கனமும் ஏற்றிப் பல வாரம் விட்டால் முடிந்தவரை படியும். மிச்சம் மடிப்பாகவே இருக்கட்டும், அது மடித்துப் பயன்படுத்தவே செய்த மேப். துணியை உரித்து 'சுத்தம்' செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் மேப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். துணி அதன் பாதி.

கிழிசலுக்குப் பசை வீட்டிலேயே செய்யலாம், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் அந்த உருண்டையைப் பிசைந்துகொண்டே இருந்தால் தண்ணீர் பாலாக வெளுக்கும், கையில் இழுபடும் சவ்வு மிஞ்சும். சவ்வை எறிந்துவிடுங்கள். பசை பழுத்து இறுகுவதற்கும் பூச்சி தேடி வருவதற்கும் அது ஒரு காரணம். வெள்ளைத் தண்ணீரை இரவு முழுக்க அசையாமல் வைத்தால் அடியில் மாவு படியும், மேல் நீரை வடித்துவிட்டு, ஒரு பங்கு மாவுக்கு நாலைந்து பங்கு சுத்தமான தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் கைவிடாமல் கிண்டுங்கள். முதலில் வெள்ளையாகத் திரளும், அப்போது இறக்கிவிடாதீர்கள். இன்னும் கிண்டக் கிண்டக் கண்ணாடித் தன்மை வந்து கரண்டியில் கனக்கும், அரை மணி நேரம் ஆகும். ஆறியதும் மல் துணியில் பிழிந்து, பிரஷுக்கு வருகிறபடி தண்ணீர் விட்டு, கேழ்வரகுக் கூழ் போல நெகிழ்த்துங்கள். ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். பூச்சி வராதென்று பைண்டிங் கடைகளில் பசையில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். பேரேட்டு அட்டைக்குச் சரி. மேப்பின் காகிதத்தை அது அமிலத்தால் அரிக்கும், பச்சைக் கறையும் விடும். கலக்காதீர்கள்.

ஒட்டுவதற்கு ஜப்பானிய டிஷ்யூ அல்லது நேபாள லோக்தா மெல்லிய காகிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கத்தரியால் வெட்ட வேண்டாம். ஈரப் பிரஷால் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் மெல்லப் பிய்த்தால் ஓரத்தில் நார் சிலிர்த்து நிற்கும். அந்த நார்தான் பிடித்துக்கொள்வது, முன்பக்கத்தில் விளிம்பும் தெரியாது. கிழிசலின் இரு கரையையும் எழுத்துக்கு எழுத்து சேர்த்து, பின்பக்கம் பட்டையை வைத்து, பிளாட்டிங் பேப்பர், கனம். துணி ஒட்டியதில் காகிதம் மட்டும் கிளம்பியிருந்தால், நுனிப் பிரஷால் அடியில் பசை தடவி அமுக்கினால் போதும். துணியே மடிப்பு மூலையில் ஓட்டையாகியிருந்தால் பின்னாலிருந்து டிஷ்யூத் துண்டு. மேப் பொடிப்பொடியாக நொறுங்குகிறது, பெரிய பகுதி ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கிறது என்றால் நீங்களும் தொட வேண்டாம், என்னிடமும் வர வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது, அங்கே யோசனை கேளுங்கள்.

மாட்டுவதைப் பற்றி என் கருத்து உறுதியானது. நகலை மாட்டுங்கள், அசலை மடித்து அலமாரியில் வையுங்கள். வெளிச்சம் கலரைத் தின்னும், தின்றது திரும்பி வராது. அருங்காட்சியகங்கள் காகிதத்துக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விடுவதில்லை. நம் வீட்டு ஜன்னல் ஓரம் அதைப் பல மடங்கு தாண்டும். மஞ்சள் வெளுத்தால் பச்சை நிலம் நீலமாகும், கடலுக்கும் கரைக்கும் வித்தியாசம் போய்விடும். உயரத்தைக் கலரில் சொல்லும் மேப்பில் அப்புறம் என்ன மிஞ்சும்?

அசலைத்தான் மாட்டுவேன் என்பவர்களுக்கு: ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம், பக்கச் சுவர். ஏற்காட்டில் வெளிச்சுவர் வேண்டாம், அடைமழையில் கல் சுவர் வேர்க்கும். அறைகளுக்கு நடுவே உள்ள சுவர் நல்லது. சேலத்தில் மேற்குச் சுவர் வேண்டாம், சித்திரையில் தொட்டுப் பாருங்கள். பிரேம் கடையில் அமிலமில்லாத மவுண்ட் போர்டு கேளுங்கள், மேப்புக்கும் கண்ணாடிக்கும் இடையே இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஈரத்தில் கலர் கண்ணாடியில் ஒட்டும். புற ஊதா தடுக்கும் கண்ணாடியோ அக்ரிலிக்கோ கிடைத்தால் போடுங்கள். மேப்பை மவுண்டில் முழுக்க ஒட்டக் கூடாது. மேல் ஓரத்தில் மட்டும் டிஷ்யூவால் இரண்டு கீல், மாவுப் பசையில். பின்னால் ஹார்ட்போர்டும் பழைய செய்தித்தாளும் வைத்து ஆணி அடிப்பதுதான் நம் கடைகளின் வழக்கம். செய்தித்தாளின் அமிலம் மேப்புக்குத் தாவும், அதை எடுக்கச் சொல்லுங்கள். பிரேமின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று ஓடும்.

விலை என்ன போகும் என்று கேட்பவர்களுக்கு, இவை கடையில் வைத்து விற்ற மேப்புகள், நிறைய அச்சானவை. பெரிய பணத்தை எதிர்பார்த்து வைத்திருக்க வேண்டாம். வெளிநாட்டுப் பேரனுக்கு அனுப்புவதானால் மட்டும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். 100 ஆண்டு கடந்த பொருள்களும், வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டு கடந்த ஆவணங்களும் அதன் வரம்புக்குள் வரும்.

அலமாரியில் வைக்கும்போது அமிலமில்லாத காகித உறைக்குள் போட்டு, படுக்கை வசமாக, மரப்பலகையை நேராகத் தொடாமல் வையுங்கள். உறையின் மேல் 2பி பென்சிலால் எழுதுங்கள்: எந்தத் தோட்டம், எந்தப் பங்களா, எந்த வருடம் கிடைத்தது, யார் கொடுத்தது. மேப்பின் மேல் எதுவும் எழுத வேண்டாம். வருடத்துக்கு இரண்டு முறை, மாசியில் ஒன்றும் மழை முடிந்து மார்கழியில் ஒன்றும், வெளியே எடுத்துப் பாருங்கள். மடிப்பு மூலை, துணியின் அடிப்பக்கம், உறையின் மூலையில் மாவு. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையின் நீல மணி இளஞ்சிவப்பாகியிருந்தால் சட்டியில் லேசாகச் சூடாக்கி, நீலம் திரும்பியதும் ஆறவைத்து மறுபடி போடுங்கள்.